தேர்த்துகள் கணக்கு: இருபத்திரண்டு இலக்க எண் ஒன்றின் இயல்புகள்

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், ஜெஞ்சாரோம்

"இம்மி பிசகாமல் சொன்னான்" என்கிறோம். "அணுவளவும் ஐயமில்லை" என்கிறோம். இம்மி என்பது எவ்வளவு, அணு என்பது எவ்வளவு என்று கேட்டால், மிகச் சிறியது என்று சொல்லி அமைந்துவிடுவோம். ஆனால் நம் முன்னோர் இவ்விரண்டிற்கும் திட்டமான மதிப்பு வைத்திருந்தனர். இம்மி என்பது ஒன்றை 2,150,400 கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறு. அணு என்பது 165,580,800 கூற்றில் ஒன்று. நாலடியாரில் இம்மியரிசி என வரும் இடத்தைப் பாடம் நடத்துவோர் இம்மதிப்பையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். பொருந்துமா பொருந்தாதா என்பதை மாணவரே பேசட்டும்.

பின்ன எண்களைப் பழந்தமிழர் கீழ்வாயிலக்கம் என்றனர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்களின் வழியே நமக்கு வந்துள்ள கீழ்வாய் வாய்பாடு ஒன்று உண்டு. மேலிருந்து கீழாக அதனைச் சொல்கிறேன். ஒன்று என்பது 320 முந்திரி. ஒரு முந்திரி 320 கீழ்முந்திரி. ஒரு கீழ்முந்திரி 21 இம்மி. ஓர் இம்மி 11 மும்மி. ஒரு மும்மி 7 அணு. ஓர் அணு 9 குணம். ஒரு குணம் 5 பந்தம். ஒரு பந்தம் 6 பாகம். ஒரு பாகம் 7 விந்தம். ஒரு விந்தம் 17 நாகவிந்தம். ஒரு நாகவிந்தம் 14 சிந்தை. ஒரு சிந்தை 20 கதிர்முனை. ஒரு கதிர்முனை 40 குரல்வளைப்படி. ஒரு குரல்வளைப்படி 60 வெள்ளம். ஒரு வெள்ளம் 100 நுண்மணல். ஒரு நுண்மணல் 6½ தேர்த்துகள். இத்துடன் வாய்பாடு முற்றுப் பெறுகிறது.

முந்திரி என்றதும் பிள்ளைகள் முந்திரிப் பருப்பை நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெள்ளம் என்ற சொல்லோ தமிழாசிரியர்களைச் சிந்திக்க வைக்க வேண்டியது. பழைய இலக்கியத்தில் வெள்ளம், ஆம்பல் முதலியன மாபெரும் எண்களுக்குப் பெயர். இங்கே அதே வெள்ளம் கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத சிறு கூற்றிற்குப் பெயராகி நிற்கிறது.

இப்படிகளையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால், ஒன்று என்பதில் எத்தனை தேர்த்துகள் அடங்கும் என்பது வரும். அந்த எண் இதோ:

2,323,824,530,227,200,000,000

இருபத்திரண்டு இலக்கங்கள். நம் வழக்கில் சொன்னால், 2 கோடியே 32 இலட்சத்து 38 ஆயிரத்து 245 கோடி கோடியும், மேலும் 30 இலட்சத்து 22 ஆயிரத்து 720 கோடியும் ஆகும். இக்கட்டுரை இந்த ஓர் எண்ணைப் பற்றியது.

இந்த எண் இன்று கைப்பேசிகளிலும் விழா மலர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் உலவி வருகிறது. உலவும் படிகளோ ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலவற்றில் இறுதிச் சுழிகள் குறைகின்றன. சிலவற்றில் நடுவே ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. எழுதியவர் முன்னிருந்ததைப் பார்த்து எழுதினார். அவர்க்கு முன்னவரும் அப்படியே. ஏட்டுச்சுவடி காலத்துப் பிழை இப்போது மின்னல் வேகத்தில் பரவுகிறது, அவ்வளவே. படியெடுத்தது சரியா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் பதினாறு எண்களைப் பெருக்கிக் கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, சுழிகளை எண்ணுவது. இறுதியில் எட்டுச் சுழிகள் இருத்தல் வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏன் எட்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது சோதனை அழகியது. எட்டுச் சுழிகளை நீக்கிவிட்டு, எஞ்சிய பதினான்கு இலக்கங்களை வலப்புறமிருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள்: 23, 238, 245, 302, 272. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள். 23, 245, 272 ஆகிய மூன்றும் சேர்ந்து 540. எஞ்சிய 238, 302 ஆகிய இரண்டும் சேர்ந்து 540. இரண்டும் சமம், வேறுபாடு சுழி.

இது மாயம் அன்று. 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. பத்து இலட்சம் என்பது 999,999-க்கு ஒன்று கூடுதல். 999,999 என்பதோ 1001-இன் 999 மடங்கு. ஆகவே மும்மூன்றாகப் பிரித்த பகுதிகளை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வருவது, அந்த எண்ணை 1001-ஆல் வகுத்தால் வரும் மீதியைச் சொல்லிவிடும். சுழி வந்தால் அவ்வெண் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். பதினான்கு இலக்கங்களில் எந்த ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் இச்சமம் குலைந்துவிடும். வேறு வேறான இரண்டு அண்டை இலக்கங்கள் இடம் மாறினாலும் குலைந்துவிடும். பள்ளிச் சுவரில் எழுதியுள்ள எண்ணை ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இனி இந்த எண்ணின் உள்ளே புகுவோம். ஓர் எண்ணின் இயல்பை அறிய வேண்டுமாயின் அதனைப் பகா எண்களாக உடைத்துப் பார்த்தல் வேண்டும். வாய்பாட்டின் ஒவ்வொரு படியையும் உடைத்துத் தொகுத்தால் கிடைப்பது: 2 இருபத்திரண்டு முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, 11, 13, 17 ஒவ்வொன்றும் ஒருமுறை. சுழியொன்று உண்டாக ஒரு 2-ம் ஒரு 5-ம் சேர வேண்டும். 5 எட்டே முறை இருப்பதால் சுழியும் எட்டே.

இந்தப் பட்டியலை ஊன்றிப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17. பதினேழு வரையுள்ள பகா எண்கள் ஏழும் ஒன்றுவிடாமல் வந்து அமர்ந்திருக்கின்றன. ஆகவே இந்த எண் 1 முதல் 18 வரை உள்ள ஒவ்வோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடும். வாய்பாட்டின் படிகளாகிய 21, 11, 7, 9 என்பன ஏன் இப்படி ஒழுங்கற்றுக் கிடக்கின்றன, பத்துப் பத்தாகவோ எட்டு எட்டாகவோ வைத்திருக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். அதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முந்திரி வரையுள்ள பின்னங்களை எண்ணிப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன பாதி பாதியாக வந்தவை. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவையனைத்தும் 2-ஆலும் 5-ஆலும் ஆனவை. 3 என்பது எங்குமே இல்லை. ஆகவே ஒன்றை மூவருக்குப் பங்கிட முடியாது! 320 முந்திரியை மூவருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 106 போக 2 முந்திரி மிஞ்சும். அந்த 2 முந்திரியை 640 கீழ்முந்திரியாக்கிப் பங்கிட்டால் ஆளுக்கு 213 போக 1 மிஞ்சும். இன்னும் கீழே கீழே 320-ஆகவே பிரித்துக்கொண்டு போனாலும் மீதி தீராது. நாம் இன்று தசமத்தில் 0.333 என்று எழுதி முடிவின்றிப் போவதும் இதே தொல்லைதான். பத்திலும் 3 இல்லை.

இவ்விடத்தில் வாய்பாடு இம்மியைக் கொண்டுவருகிறது. ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. மிஞ்சிய ஒன்றை 21 இம்மியாக்கி மூவருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 7, கணக்குத் தீர்ந்தது. மூன்றில் ஒன்று என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. இம்மி பிசகவில்லை.

21 என்பதில் 3 மட்டுமன்று, 7-ம் இருக்கிறது. எனவே ஏழில் ஒன்றும் இம்மியோடு முடிந்துவிடும். 320 முந்திரியை எழுவருக்குப் பங்கிட ஆளுக்கு 45 முந்திரி, மீதி 5. அந்த ஐந்தும் 1,600 கீழ்முந்திரி. ஆளுக்கு 228, மீதி 4. அந்த நான்கும் 84 இம்மி. ஆளுக்கு 12, மீதியில்லை. 45 முந்திரியைப் பழைய பெயர்களில் சொன்னால் அரைக்காலே காணி முந்திரி: 40, 4, 1. வாரத்திற்கு நாள் ஏழு. நாட்கூலியும் வாரக்கூலியும் கணக்கிட்டோருக்கு ஏழில் ஒன்று எத்துணை இன்றியமையாதது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது 11. இக்கணக்கை மாணவர்க்குக் கொடுக்கும்போதெல்லாம் அவர்கள் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். 320-ஐப் பதினொருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 29, மீதி 1. மீதியாகிய ஒரு முந்திரி மீண்டும் 320. மீண்டும் ஆளுக்கு 29, மீதி 1. அந்த ஒன்று 21 இம்மி. ஆளுக்கு 1, மீதி 10. அந்தப் பத்து இம்மியும் 110 மும்மி, ஆளுக்கு 10. முடிந்தது. மும்மி என்ற படியில் 11 வந்ததனாலேயே அது அங்கே நின்றது. ஒன்பதில் ஒன்றுக்கு 3 இருமுறை வேண்டும். இம்மியில் ஒரு முறைதான் வந்தது. ஆகவே அது நில்லாமல் ஓடி, அணுவை ஒன்பதாகப் பிரிக்கும் குணத்தில் போய் நிற்கும். பதினேழில் ஒன்று நாகவிந்தத்தில் நிற்கும்.

நாகவிந்தத்துக்குப் பிறகு வரும் படிகள் 14, 20, 40, 60, 100. இவற்றில் புதிய பகா எண் ஒன்றுமில்லை. முன்பு வந்தவையே மீண்டும் வருகின்றன. எனக்கு இப்பகுதி அவ்வளவு சுவையாக இல்லை. எண்ணைப் பெரிதாக்கியதைத் தவிர இவை வேறு வேலை செய்யவில்லை. ஆனால் கடைசிப் படியில் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

ஒரு நுண்மணலுக்கு 6½ தேர்த்துகள். எல்லாப் படிகளும் முழு எண்ணாக இருக்க, இஃதொன்று மட்டும் ஏன் அரையோடு வந்தது? படியெடுத்தோர் பிழையென்று நான் வெகுநாள் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி. இரண்டு நுண்மணலைச் சேர்த்தால் 13 தேர்த்துகள். அதுவரை எந்தப் படியிலும் தலைகாட்டாத 13 இங்கே வந்துவிடுகிறது. ஒரு நுண்மணலைப் பதின்மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரைத் தேர்த்துகள். ஆறரைக்குப் பதிலாக ஆறு என்றோ ஏழு என்றோ இருந்திருந்தால் நம் எண் பதின்மூன்றால் வகுபடாது. 1 முதல் 18 வரை என்ற தொடர் பன்னிரண்டோடு அறுந்துபோயிருக்கும். மேலே கண்ட மும்மூன்று சோதனையில் 540-ம் 540-ம் சமமாக நின்றதும் இந்த அரையின் உதவியாலேயே. வாய்பாடு செய்தவர் இதை எண்ணித்தான் அரையை வைத்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். செய்தவர் ஒருவரோ பலரோ, அவர் தம் கருத்தை உரையாக எழுதி வைத்துப் போகவில்லை. எண் சொல்வதை மட்டும் நாம் சொல்லலாம்.

1 முதல் 18 வரை வகுபட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாயின் இவ்வளவு பெரிய எண் தேவையா? தேவையில்லை. அதற்கு 12,252,240 போதும். அஃது இவையனைத்திற்கும் மீச்சிறு பொது மடங்கு. நம் எண் அதனைப்போல் 1 கோடியே 89 இலட்சத்து 66 ஆயிரத்து 528 கோடி மடங்கு பெரியது. சிக்கனக்காரர் செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது.

சிக்கனம் என்றதும் இராமானுசன் நினைவுக்கு வருகிறார். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்து, 1914-இல் கப்பலேறிய அப்பெருமகனார், 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் நீண்டதோர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பட்டம் வழங்கியது அவ்வாய்வுக்காகவே. அதில் அவர் ஆராய்ந்தவற்றை மிகு பகு எண்கள் எனலாம். தனக்குக் குறைந்த எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுஎண்களை உடையது எதுவோ, அது மிகு பகு எண். 12 அத்தகையது: அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள், பன்னிரண்டுக்குக் குறைந்த எதற்கும் ஆறு இல்லை. 60-ம் 360-ம் அத்தகையன. நாளுக்கு அறுபது நாழிகையும் வட்டத்திற்கு 360 பாகையும் வைத்தவர்கள் கைவந்த எண்ணை வைத்துவிடவில்லை.

வகுஎண்களை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டியதில்லை. பகா எண் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். நம் எண்ணுக்கு 23, 6, 9, 5, 2, 2, 2. பெருக்க வருவது 49,680. நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூற்றெண்பது வகையாக இதனை மீதியின்றிப் பங்கிடலாம் என்பது பெரிய செல்வந்தான். ஆயினும் இராமானுசனின் தராசில் இது மிகு பகு எண்ணாகாது. மிகு பகு எண்ணில் சிறிய பகா எண் மிகுதியாகவும், பெரிய பகா எண் அதற்கு மிகாமலும் வர வேண்டும் என்பது அவர் காட்டிய முதல் இயல்புகளில் ஒன்று. நம் எண்ணில் 3 ஐந்து முறை, 5 எட்டு முறை. ஒழுங்கு மாறிக் கிடக்கிறது. இரண்டையும் இடம் மாற்றி 3 எட்டு முறை, 5 ஐந்து முறை என்று வைத்தால் வகுஎண்களின் தொகை மாறாது. ஆனால் எண் 125-இல் 27 பங்காகச் சுருங்கிவிடும். 17-க்கு மேலுள்ள பகா எண்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுருக்கலாம். 897,612,484,786,617,600 என்ற பதினெட்டு இலக்க எண்ணுக்கு 103,680 வகுஎண்கள். நான்கு இலக்கம் குறைவு, வகுஎண்களோ இருமடங்குக்கும் மேல்.

இராமானுசன் தம் கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களைக் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டார். பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. இதற்கு 10,080 வகுஎண்கள். அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 293,318,625,600. இதற்கு வகுஎண்கள் 5,040. விடுபட்ட இவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் கடைசி எண்ணே! கடைசி எண்ணைக் கண்டவர் கண்ணுக்கு அதன் உள்ளேயே இருந்தது தப்பிவிட்டது. கணிப்பொறி இல்லாத காலத்தில் பதின்மூன்று இலக்கம் வரை ஒன்று மட்டுமே தவறியது என்பதை நினைக்க அவர்மேல் மதிப்பு உயருமேயன்றிக் குறையாது.

இனி, சொல்லத்தான் வேண்டிய ஒன்று. நம் மேடைகளில் இவ்வெண்ணை முழங்கி, தமிழன் அணுவை அளந்தான், அணுவைப் பிளந்தும் அளந்தான் என்று கைதட்டல் வாங்குகிறார்கள். கேட்கும் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பிறகு இடைநிலைப் பள்ளிக்குப் போய் அறிவியல் படிக்கும்போது அந்நம்பிக்கை உடைகிறது. அதோடு, வாய்பாட்டின் மேலிருந்த மதிப்பும் உடைகிறது. இழப்பு இங்கேதான்.

கீழ்வாய் வாய்பாட்டில் உள்ள அணு ஒரு பொருளின் அளவன்று. ஒன்று என்பது ஒரு கலம் நெல்லாகலாம், ஒரு பொன்னாகலாம், ஒரு கோல் நிலமாகலாம். அதனதன் கூறே அணு. ஒன்று என்பதை மீட்டராகவே கொண்டு பார்த்தாலும் அணு எனப்பட்டது நீர்வாயு அணுவைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்கு பெரிதாக இருக்கும். தேர்த்துகளோ, அணுவின் கருவிலுள்ள புரோத்தனின் குறுக்களவில் ஏறத்தாழ நாற்பது இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு சிறியதை அளக்கும் கருவி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒன்று பெரிதாகவும் மற்றொன்று அளவிறந்து சிறிதாகவும் போவதே இவை அளந்து கண்டவையல்ல என்பதற்குச் சான்று.

மற்றொரு சான்று நம் நூல்களிலேயே உண்டு. நீட்டலளவை வாய்பாட்டில் 8 அணு ஒரு தேர்த்துகள். 8 தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. 8 பஞ்சிழை ஒரு மயிர். 8 மயிர் ஒரு நுண்மணல். அப்படியே சிறுகடுகு, எள், நெல் என்று ஏறி 8 நெல் ஒரு விரல். அங்கே தேர்த்துகளைவிட அணு சிறியது. கீழ்வாயிலோ அணுவுக்குக் கீழே பத்துப் படி இறங்கித்தான் நுண்மணல், அதற்கும் கீழே தேர்த்துகள். ஒரே பெயர்; இரண்டு வாய்பாடு; இரண்டையும் கலந்து பேசுவது காலணியின் அளவையும் கைக்கடிகாரத்தையும் கலப்பது போல. நீட்டலளவையில் ஒரு விரலுக்கு 16,777,216 அணு. இதுவும் பேரெண்தான், ஆனால் இரண்டை இருபத்து நான்கு முறை பெருக்கியதைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு வகுஎண்கள் 25 மட்டுமே. மூவருக்குப் பங்கிட முடியாது. பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டு போவது கண்ணால் அளப்போரின் வழி. 21, 11, 17 என்று போவது பங்கிடுவோரின் வழி.

திண்ணைப் பள்ளிகளில் இவை எவ்வாறு பயிலப்பட்டன என்பதை அறிய விரும்புவோர் 2022-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த செந்தில் பாபுவின் ஆராய்ச்சி நூலைப் பார்க்கலாம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வகுத்து, வாயால் சொல்லி, மனத்தில் இருத்தி, நாள்தோறும் ஒப்பித்தார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்தவன் சந்தையிலும் களத்திலும் ஏடெடுக்காமல் கணக்கு முடித்தான். முந்திரிக்கும் கீழே போக அவர்களில் பெரும்பாலோர்க்கு நேர்ந்திராது. அன்றாட வேலைக்கு அதுவே தாராளம்.

இங்கே நம் நிலை வேறு. 2003 முதல் இந்நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009-இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாகி, 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைகள் பலருக்குத் தொகுதி, பகுதி, பகா எண், மீச்சிறு பொது மடங்கு என்ற சொற்கள் காதில் விழாமலே போயின. அவர்களில் சிலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர். பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் வாய் ஆங்கிலத்துக்கே போகிறது. சொல் இல்லாவிட்டால் கணக்கு வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் பின்னம் என்பது பாட்டி வாயிலும் கடைக்காரர் வாயிலும் அரைக்கால், முக்கால், வீசம் என்று இருந்தது. அது பாடநூலில் மட்டும் இருக்கும் பொருளாகும்போது பிள்ளைக்கு அயலாகிறது.

செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் பள்ளியில் மாணவர் தொகை சிறிது. ஆகவே எல்லாரையும் கரும்பலகைக்கு அழைக்க முடிகிறது. நான்காம் ஆண்டில் 320-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அரை, கால், அரைக்கால், மா, காணி என்று முந்திரிக் கணக்கில் எழுதச் சொல்வேன். ஐந்தாம் ஆண்டில் மூவர் பங்கும் எழுவர் பங்கும். ஆறாம் ஆண்டில் பதினொருவர் பங்கும், மும்மூன்று சோதனையும், பகா எண்ணாக உடைப்பதும். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறைப்படி பொருளைக் காட்டி, படத்தைக் காட்டி, பிறகே எண்ணுக்கு வர வேண்டும். இந்த வாய்பாட்டிலோ காட்டுவதற்குப் பொருளே கிடையாது. ஆயினும் மீதியை அடுத்த படிக்கு இறக்குவது என்னும் ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்வதால், நீள்வகுத்தலில் தடுமாறும் பிள்ளையும் இதில் கை தேறிவிடுகிறது. மீதி என்பது தோல்வியன்று, அடுத்த படிக்குரிய முதல் என்பதை அது தானே கண்டுகொள்கிறது. முழுப் பட்டியலையும் நெட்டுருப் போடும் போட்டிகளை நான் நடத்துவதில்லை. நடத்துவோர்மேல் குறையும் சொல்வதில்லை.

கடைசியாக, பதினெட்டுக்கு அடுத்து நிற்கும் பத்தொன்பதை ஆசிரிய நண்பர்களுக்கு விட்டுவைக்கிறேன். ஒன்றைப் பத்தொன்பது பேருக்குப் பங்கிடத் தொடங்குங்கள். முந்திரியில் மீதி 16. கீழ்முந்திரியில் மீதி 9. இம்மியில் 18, மும்மியில் 8, அணுவில் மீண்டும் 18. இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கிக் கொண்டே வந்தால் வெள்ளத்தில் மீதி 11. அந்தப் பதினொரு வெள்ளமும் 1,100 நுண்மணல். அதுவே 7,150 தேர்த்துகள். ஆளுக்கு 376 கொடுத்தபின் 6 தேர்த்துகள் மிஞ்சும். வாய்பாடு இதற்குக் கீழே இறங்குவதில்லை. தேர்த்துகளுக்கும் கீழே ஒரு படி வைப்பதானால் அதற்கு எத்தனை கூறு வைக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது என்று ஒரு பிள்ளை சொல்லும். சொன்ன பிள்ளையே அந்தப் படிக்குப் பெயரும் வைக்கட்டும்.